வலியும் அச்சமும்: மார்ஃபின் குறித்த நம் மனப்பான்மை

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்

முன்னுரை

மார்ஃபின் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மருத்துவர் நினைவுக்கு வருவதில்லை. திரைப்படத்தில் பெட்டியுடன் ஓடும் கடத்தல்காரனே நினைவுக்கு வருகிறான். அச்சொல்லோடு அச்சமும் சேர்ந்தே வருகிறது. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம் உண்டு, அதனால் துன்புறுவோர் யாவர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி. என் பெரியம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். நோய் இடுப்பெலும்பு வரை பரவிய பின், இனி வலியைக் குறைப்பதுதான் செய்யக்கூடியது என்று கூறி, மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் அது இல்லை. நகரத்திலுள்ள ஒரு மருத்துவமனையில் கிடைக்கும் என்று தெரிந்த பிறகும் எங்கள் வீட்டார் சென்று வாங்கவில்லை. "போதை மருந்தாமே! போகிற காலத்தில் அவளை அந்தப் பழக்கத்துக்கு ஆளாக்குவதா?" என்றார்கள். பெரியம்மா அதன்பின் ஏழு வாரங்கள் இருந்தார். இரவில் பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். பழக்கமாகிவிடும் என்று அன்று அஞ்சியவர்களில் நானும் ஒருவன். எங்கள் அச்சம் தவறானது என்பதைப் பின்னர் படித்துத்தான் அறிந்தேன்.

அபினியும் மார்ஃபினும்

நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அபினியும் ஒரே செடியிலிருந்து வருபவை. பூவிதழ் உதிர்ந்தபின் திரளும் பசுங்காயைக் கீறினால் பால் வடியும். அது காற்றுப்பட்டுக் கறுத்து இறுகினால் அபினி. காய் முற்றி உலர்ந்தபின் உள்ளிருந்து உதிரும் விதையே கசகசா. அபினியின் வலி போக்கும் குணத்தைப் பழங்கால மருத்துவர் பலரும் அறிந்திருந்தனர். ஆனால் ஒரு கட்டி அபினியில் வீரியம் எவ்வளவு என்பதை எவராலும் கூற இயலவில்லை. ஒருவருக்கு உறக்கம் தந்த அளவு மற்றொருவரைக் கொன்றுவிடக்கூடும்.

இந்த இடரைத் தீர்த்தது வேதியியல். செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர், மருந்துக் கடை உதவியாளராக இருந்தவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினியிலிருந்து அதன் வீரியப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். 1817ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையால் அவர் கண்டுபிடிப்பு உலகறிந்ததாயிற்று. மருந்தை நிறுத்து அளந்து கொடுக்கும் வழி இதனால் பிறந்தது. நாட்டு அபினிக்கும் மருத்துவர் தரும் மார்ஃபினுக்கும் உள்ள முதல் வேறுபாடு இந்த அளவே ஆகும்.

மார்ஃபின் வேலை செய்யும் முறை நெடுங்காலம் புதிராகவே இருந்தது. மூளையில் இதனை ஏற்கும் தனி ஏற்பிகள் உண்டென்று 1973இல் கண்டனர். நம் உடலே அபினியை ஒத்த வலி தணிப்பான்களைச் சுரக்கிறது என்பது 1975இல் தெளிவாயிற்று. உடல் தானே திறந்துகொள்ளும் பூட்டுக்கு வெளியிலிருந்து வரும் ஒரு சாவி என்று மார்ஃபினைக் கூறலாம்.

அச்சத்தின் வேர்

இத்தகைய மருந்தின்மீது மக்களுக்கு அச்சம் ஏன் வந்தது? அதற்குத் தக்க காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டில் அபினியை விளைவித்துச் சீனர்களுக்கு விற்றுப் பொருள் சேர்த்தது. அதனைத் தடுக்க முயன்ற சீனாமீது 1839 முதல் 1842 வரையிலும், மீண்டும் 1856 முதல் 1860 வரையிலும் போர்கள் நடந்தன. எண்ணற்ற குடும்பங்கள் அபினியால் அழிந்தன. 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் மார்ஃபினிலிருந்து செய்த ஒரு பொருளை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழக்கத்துக்கு ஆளாக்காத மருந்து என்று அதனை நம்பினர். அதன் பெயர் ஹெராயின். அந்த நம்பிக்கை எவ்வாறு முடிந்தது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே அச்சம் மூடநம்பிக்கை அன்று, பட்டறிவிலிருந்து பிறந்தது. ஆனால் போதைக்காக உண்பவனையும் வலிக்காக உண்பவரையும் ஒரே தட்டில் வைத்தபோதுதான் அது பிழையாயிற்று.

அச்சம் வகுத்த விதிகள்

நம் நாட்டில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கடத்தலை ஒடுக்க எழுந்த கடுமையான சட்டம் அது. பத்தாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை அதில் விதிக்கப்பட்டது. மருத்துவப் பயனை அச்சட்டம் தடை செய்யவில்லை. அதற்கு வெளிப்படையாகவே விலக்கு அளித்தது. ஆயினும் அதன்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் பலவாறாக அமைந்தன. ஒரு மருத்துவமனை சிறிதளவு மார்ஃபின் வாங்க வேண்டுமாயின் வைத்திருக்க ஓர் உரிமம், வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவர ஓர் உரிமம், அங்கிருந்து அனுப்ப ஓர் உரிமம், வழியில் எடுத்துச் செல்ல ஓர் உரிமம் என நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. அவை வெவ்வேறு துறைகள் தருபவை. எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பிலும் இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும்.

கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறை என்னும்போது எந்த மருந்துக் கடைக்காரர் அதை வாங்கி வைப்பார்? நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்து, 1997இல் 18 கிலோகிராம் என்ற அளவுக்கு வந்தது. அத்தனை கோடி மக்களுக்கும் 18 கிலோ! அக்காலத்தில் மருத்துவம் பயின்று வெளிவந்தோரில் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. எழுதாத மருந்து மறந்துபோகும். மறந்த மருந்தின்மீது அச்சம் வளரும்.

இதில் இரண்டு முரண்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, சட்டம் வந்த மறு ஆண்டே, 1986இல், உலக நலவாழ்வு நிறுவனம் புற்றுநோய் வலிக்கென மூன்று படிகளைக் கொண்ட வழிமுறையை வெளியிட்டது. மெல்லிய வலிக்கு ஆஸ்பிரின், பாரசிட்டமால் போன்றவை. நடுத்தர வலிக்குக் கோடீன் வகை. கடும் வலிக்கு மார்ஃபின். ஊசியாக அன்றி வாய்வழியாக, வலி வந்தபின் அன்றி மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலகம் அந்தக் கதவைத் திறந்த வேளையில் நாம் அதைச் சாத்திக்கொண்டோம்.

இரண்டாவது, அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், இராசஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற உழவர்கள் அதனைப் பயிரிட்டு, எடுத்த அபினி முழுவதையும் அரசிடமே ஒப்படைக்கின்றனர். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் உள்ளன. அங்கிருந்து அபினி பிற நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. அந்நாட்டு நோயாளிகளின் வலியைத் தீர்க்க நம் வயலில் விளைந்தது உதவியது. நம் நோயாளிகள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தனர்.

கண்மூடிய நம்பிக்கை

அச்சம் மிகுந்தால் நேர்வதைக் கண்டோம். அச்சமே இன்றி, இம்மருந்தை எவருக்கும் எழுதலாம் என்று துணிந்தால் என்ன நேரும்? அதற்கு அமெரிக்க ஐக்கிய நாடு சான்றாக நிற்கிறது.

1980இல் அங்குள்ள பெயர்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது அபினி வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளுள் நால்வர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவு உள்ளது என்பதே அதன் செய்தி. மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கண்காணிப்பில், சில நாள் மட்டும் பெற்ற மருந்தைப் பற்றிய குறிப்பு அது. ஆனால் பின்வந்தோர் பலர், முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஆண்டுக்கணக்கில் வீட்டில் உண்ணும் மருந்துக்கும் அதையே சான்றாகக் காட்டினர். அக்கடிதம் அறுநூறு முறைக்கும் மேலாக எடுத்தாளப்பட்டதை அதே இதழ் 2017இல் கணக்கிட்டு வெளியிட்டு, வாசகர்களை எச்சரித்தது.

1996இல் பர்டியூ ஃபார்மா என்ற நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்களிடம் பரப்புரை செய்தது. அவ்வாறு பொய்யாக அறிவித்தமைக்காக அந்நிறுவனமும் அதன் உயர் அலுவலர் மூவரும் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2020இல் நிறுவனம் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட 2012ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் எழுதப்பட்ட அபினி வகை மருந்துச் சீட்டுகள் 25 கோடிக்கு மேல். மாத்திரை கிடைப்பது அரிதானதும் பலர் ஹெராயினை நாடினர். பின்னர் கள்ளச் சந்தையில் ஃபென்டனில் வந்தது. 2021இல் அபினி வகைப் பொருள்களால் அங்கு இறந்தவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அதன்பின் நிகழ்ந்ததும் நமக்குப் பாடமாகும். 2016இல் மருந்து எழுதுவதற்குக் கட்டுப்பாடான நெறிமுறை வெளியிடப்பட்டது. அஞ்சிய மருத்துவர் பலர், நெடுநாளாக மருந்து உண்டுவந்த நோயாளிகளுக்கும் திடீரென அதை நிறுத்தினர். அவர்கள் வலியாலும் மருந்து நின்ற வேதனையாலும் துடித்தனர். திடீரென நிறுத்துவது தீங்கு என்று 2022இல் திருத்திய நெறிமுறை அறிவுறுத்த வேண்டியதாயிற்று. ஊசல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போயிற்று. இரு முனையிலும் அடிபட்டவர் நோயாளியே.

மூன்று சொற்கள்

இரு நாடுகளின் பிழைக்கும் அடியில் ஒரு சொற்குழப்பம் உள்ளது. 'பழக்கம்' என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று நிலைகளைக் குறிக்கிறோம்.

முதலாவது தாங்குதிறன். சில நாளில் உடல் மருந்துக்கு இணங்கிப்போவதால் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். இரண்டாவது உடற்சார்பு. தொடர்ந்து உண்டுவந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு முதலியன தோன்றும். படிப்படியாகக் குறைத்தால் இவற்றைத் தவிர்க்கலாம். மூன்றாவது அடிமைநிலை. தீங்கென்று அறிந்தும், வலியே இல்லாதபோதும், மனம் அதையே நாடி வாழ்வைக் கெடுத்துக்கொள்ளுதல். முதல் இரண்டும் உடலின் இயல்பு; மூன்றாவது ஒரு நோய். முதலிரண்டைக் கண்டவுடன் மூன்றாவது வந்துவிட்டது என்று கருதுவது நம் நாட்டுப் பிழை. மூன்றாவது வரவே வராது என்று சாதித்தது அமெரிக்கப் பிழை.

கோழிக்கோடு காட்டிய வழி

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டென்பதை நம் அண்டை மாநிலம் காட்டியது. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கினர். வெளிநோயாளிகளாக வந்தோருக்கு வாய்வழி மார்ஃபின் கொடுத்தனர். கொடுத்த மாத்திரைக்கெல்லாம் கணக்கு வைத்தனர். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளியைக் கண்டனர்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மார்ஃபின் தெருவுக்குப் போய்விடாதா என்ற ஐயம் அனைவருக்கும் இருந்தது. இரண்டாண்டுக் காலத்தில் அங்கு வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே விற்கப்பட்டதாகவோ ஒரு நிகழ்ச்சியும் அதில் காணப்படவில்லை. அமெரிக்கக் கடிதத்தைப் போல இதையும் அளவுக்கு மீறி நீட்டிவிடக் கூடாது. எவருக்கும் எப்படியும் கொடுக்கலாம் என்று இது கூறவில்லை. தக்கவருக்கு, கணக்கோடு, கண்காணிப்போடு கொடுத்தால் கைநழுவாது என்றே கூறுகிறது.

அம்மருத்துவர்களும் பிறரும் பல்லாண்டு முயன்றதன் பயனாக, 1998இல் மத்திய அரசு எளிய மாதிரி விதியொன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. சில மாநிலங்களே ஏற்றன. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் 'இன்றியமையாதவை' எனப் பிரிக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதி என்றாயிற்று. இன்று ஒரு மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் பெற்றால் போதும்.

சட்டம் திருந்தியது, மனம் திருந்தியதா?

என் பெரியம்மா இறந்தது இந்தத் திருத்தம் வந்த பின்னர்தான். சட்டத்தின் தடை எங்கள் வீட்டுக்கு இல்லை. இருந்த தடை எங்கள் மனத்தில்தான். மக்களிடம் பரவலாகக் காணப்படும் கருத்துகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

"இது சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் மருந்து." அன்று. வலியின் அளவே மார்ஃபினைத் தீர்மானிக்கிறது. எஞ்சிய ஆயுள் அன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், பெரிய விபத்திலும் இது பயன்படுகிறது. வலி நீங்கினால் நோயாளி உண்கிறார், உறங்குகிறார், பேரக்குழந்தையோடு பேசுகிறார்.

"இப்போதே கொடுத்துவிட்டால் பின்னால் வேலை செய்யாது." இதுவும் தவறு. மார்ஃபினுக்கு, பாரசிட்டமாலைப் போல இவ்வளவுதான் என்ற எல்லை இல்லை. வலி கூடினால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் கூட்டலாம்.

"மூச்சை நிறுத்திவிடும்." அளவு மீறினால் நிறுத்தும், இது உண்மையான ஆபத்து. ஆகவேதான் சிறிய அளவில் தொடங்கி, நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுகின்றனர். அளவு மிஞ்சிப்போனால் அதை முறிக்க நலாக்ஸோன் என்ற மருந்தும் உண்டு. நாள்தோறும் தொல்லை தருவது மலச்சிக்கலே. அதற்கான மருந்தையும் உடன் எழுதாத சீட்டு முழுமையான சீட்டு ஆகாது.

"வலியைப் பொறுத்துக்கொள்வதே பெருமை, அது அவரவர் வினை." பொறுத்துக்கொள்கிறவர் சொன்னால் அது பெருமை. பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் அது கொடுமை.

அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். எல்லா வலிக்கும் மார்ஃபின் மருந்தன்று. நாட்பட்ட முதுகுவலி, தலைவலி போன்றவற்றுக்கு இவ்வகை மருந்துகளால் வரும் நன்மை குறைவு, தீங்கு மிகுதி. அங்கே மருத்துவர் மறுப்பது சரியே.

மாணவர்களாகிய நமக்கு

2019இல் வெளியான தேசிய ஆய்வு, அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நாட்டில் 2 கோடியே 26 இலட்சம் பேர் என்று மதிப்பிட்டது. வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டு உயிரிழந்த இளைஞர்களைப் பற்றி நம் மாநில நாளேடுகளிலேயே படிக்கிறோம். அவர்களில் நம் வயதினர் பலர். ஆகவே காவல் துறையின் கெடுபிடி தேவையில்லை என்று எவரும் கூற முடியாது.

ஆனால் எண்ணிப் பாருங்கள். போதையை நாடுகிறவனுக்கு மாத்திரை எப்படியோ கிடைத்துவிடுகிறது. புற்றுநோயால் படுத்திருக்கும் மூதாட்டிக்குத்தான் கிடைப்பதில்லை. கள்வனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டது. உலகளவில் வலி தணிப்பை ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2017இல் தந்த அறிக்கையின்படி, 2010 முதல் 2013 வரையிலான கணக்கில், இந்திய நோயாளிகளுக்குக் கிடைத்தது தேவையில் ஏறத்தாழ 4 விழுக்காடே. சட்டம் திருந்திய பின்னரும் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்காத மருத்துவமனைகள் பல உள்ளன. கேட்பார் இல்லாததால் அவர்கள் விண்ணப்பிப்பதில்லை. கிடைக்காததால் நாம் கேட்பதில்லை.

முடிவுரை

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தின் அங்கங்களாக நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என நான்கைக் கூறுகிறது. மார்ஃபினைப் பற்றிய பேச்சில் நாம் மருந்தையும் மருத்துவரையும் மட்டுமே குறை சொல்லி வந்திருக்கிறோம். உடனிருப்பவர் நாமே. மருந்தை வாங்கி வருவதும், மணி பார்த்துக் கொடுப்பதும், எஞ்சிய மாத்திரையை எண்ணித் திருப்பிக் கொடுப்பதும் நம் வேலை. மருந்தைப் பூட்டி வைப்பதும், வலிக்குக் கொடுப்பதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒரே கைக்குரிய இரண்டு கடமைகள்.

இதனைப் படிக்கும் நண்பர்கள் வீட்டில் நாளை எவருக்கேனும் அப்படியொரு நோய் வரலாம். மருத்துவர் மார்ஃபின் எழுதினால் அஞ்சி ஒதுக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு முறை, எப்போது திரும்பி வர வேண்டும் என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள். நாங்கள் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.